படைச்சம்பளத்தில் முளைத்த ஊர்கள்: ஹேட்ரியன் சுவரடியில் குடிமக்கள் வாழ்ந்த விதம்

2023 செப்டம்பர் மாதக் கடைசியில், வட இங்கிலாந்தின் சிக்கமோர் கேப் என்னும் இடத்தில் நின்ற ஒற்றை மரம் இரவோடு இரவாக வெட்டிச் சாய்க்கப்பட்டது. அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியபோது, மரத்தை ஒட்டி ஓடும் ரோமானிய மதிலும் படங்களில் இடம்பிடித்தது. "வடக்கே இருந்த பழங்குடிகளைத் தடுக்க ரோமானியர் எழுப்பிய சுவர்" என்ற ஒரு வரியோடு அதன் அறிமுகம் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த வரியைப் படிப்பவர் மனக்கண்ணில் காவல் நிற்கும் சிப்பாய்கள் மட்டுமே தெரிவார்கள். மண்ணுக்கடியில் கிடைத்த பொருள்களோ குழந்தைகளின் காலணிகள், ஒரு பிறந்தநாள் அழைப்பு, கள்ளக்காசு வார்க்கும் அச்சு, அடிபட்ட வியாபாரி ஒருவரின் முறையீடு என்று நீள்கின்றன. கோட்டைகளைச் சுற்றி ஊர்கள் இருந்தன. சில இடங்களில் அவை கோட்டையைவிடப் பரப்பில் பெரியவை.

அந்த ஊர்கள் ஏன் தோன்றின? அங்கிருந்தவர்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார்கள்? கோட்டையில் படை இருக்கும்போதே ஊர்கள் ஏன் காலியாயின? மூன்று கேள்விகளுக்கும் விடை படைவீரனின் சம்பளத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அடிப்படை: மதில், கோட்டை, ஊர்

கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் ரோமானியப் படை பிரிட்டனில் இறங்கியது. தீவின் தென்பகுதி 'பிரிட்டானியா' என்ற மாகாணமானது. கி.பி. 122இல் பேரரசர் ஹேட்ரியன் அங்கு வந்த காலத்தில், கிழக்கே டைன் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே சோல்வே கழிமுகம் வரை மதில் எழுப்பும் பணி தொடங்கியது. நீளம் 80 ரோமானிய மைல், அதாவது ஏறத்தாழ 117 கிலோமீட்டர்.

இந்த மதிலில் ஒரு மைலுக்கு ஒரு சிறுகோட்டை இருந்தது. அதற்கு வடக்கிலும் தெற்கிலும் வாசல். தடுப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் இத்தனை வாசல்களுக்கு வேலையில்லை. மனிதர்களும் கால்நடைகளும் சரக்கும் போய்வரும், ஆனால் அரசு சொல்லும் இடத்தில், அரசு பார்க்கும்படி போய்வர வேண்டும் என்பதே ஏற்பாடு.

மதிலைக் கட்டியவை மூன்று லீஜியன்கள். லீஜியன் என்பது ரோமானியக் குடியுரிமை உள்ளவர்களைக் கொண்ட முதன்மைப் படைப்பிரிவு. மதிலைக் காத்தவர்களோ பெரும்பாலும் துணைப்படையினர். குடியுரிமை இல்லாத மாகாண மக்களிடமிருந்து திரட்டப்பட்டவர்கள் இவர்கள். இன்றைய நெதர்லாந்துப் பகுதியின் படாவியர், பெல்ஜியப் பகுதியின் துங்ரியர், ஸ்பெயின் நாட்டவர், சிரியாவின் வில்லாளிகள் எனப் பல ஊர்க்காரர்கள். 25 ஆண்டுகள் பணி முடித்தால் குடியுரிமை கிடைக்கும்.

கோட்டைக்கு வெளியே வளர்ந்த குடிமக்கள் ஊரை லத்தீனில் 'விக்குஸ்' என்றார்கள். அங்கிருந்தவர்களை மேலோட்டமாக இப்படிப் பிரிக்கலாம்:

1. படைவீரர்களின் துணைவியரும் குழந்தைகளும்.
2. வணிகர், கொல்லர், தோல் வேலைக்காரர், மது காய்ச்சுபவர், விடுதி நடத்துபவர்.
3. அடிமைகளும், விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகளும்.
4. பணி முடித்த பின் அங்கேயே தங்கிவிட்ட பழைய வீரர்கள்.

சுற்றுவட்டாரத்து உழவர்கள் ஐந்தாவது கூட்டம். அவர்கள் விக்குஸில் குடியிருந்தவர்கள் அல்லர். இந்த ஏற்பாட்டின் சுமை அதிகம் விழுந்தது அவர்கள் மேல்தான். அவர்களைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ரொக்கம் வந்தது, ஊர் வந்தது

ரோமானியர் வரும் முன் வட பிரிட்டனின் மக்கள் தங்களுக்கென்று நாணயம் அடித்ததில்லை. கால்நடையும் தானியமும் கைம்மாறும் உறவுகளுமே அங்கே பொருளாதாரம். அப்படிப்பட்ட நிலத்தில் திடீரென ஐந்நூறு பேர் கொண்ட கோட்டைகள் வரிசையாக முளைக்கின்றன. ஒவ்வொரு கோட்டையிலும் தவணை தவறாமல் காசு வாங்கும் ஆண்கள் இருக்கிறார்கள். உணவுக்கும் உடைக்கும் பிடித்தம் போக மீதி அவர்கள் கையில் நிற்கிறது. செலவழிக்க இடம் வேண்டும். அந்த இடம்தான் விக்குஸ்.

இது வெறும் ஊகமில்லை. மதிலுக்குச் சற்றுத் தெற்கே விண்டோலாண்டா என்ற கோட்டை இருக்கிறது. மதிலுக்கும் முன்பே, ஏறத்தாழ கி.பி. 85இல் எழுந்தது. 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி அங்கு மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். காற்றுப் புகாத ஈரமண் அவற்றை மட்காமல் காத்திருந்தது. அதன்பின் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலானவை கி.பி. 90க்கும் 130க்கும் இடைப்பட்டவை.

அவற்றில் ஆக்டேவியஸ் என்பவர் காண்டிடஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் எல்லைப்புறப் பொருளாதாரத்தையே திறந்துகாட்டுகிறது. ஏறத்தாழ 5,000 மோடியஸ் அளவு தானியக் கதிர் வாங்கியிருப்பதாகச் சொல்கிறார். மோடியஸ் என்பது எட்டரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான முகத்தலளவை. எனவே கொள்முதல் 43,000 லிட்டரைத் தாண்டுகிறது. "ரொக்கம் அனுப்பு, குறைந்தது 500 டெனாரியஸ் வேண்டும். இல்லையென்றால் முன்பணமாகக் கொடுத்த 300 டெனாரியஸ் போய்விடும், எனக்கும் தலைகுனிவு" என்று மன்றாடுகிறார். டெனாரியஸ் என்பது ரோமானிய வெள்ளிக்காசு. கட்டராக்டோனியம் என்ற ஊரில் (இன்றைய கட்டரிக்) கிடக்கும் தோல்களை எடுத்துவர வேண்டும், ஆனால் சாலை மோசமாக இருப்பதால் வண்டி விலங்குகளை வதைக்க மனமில்லை என்றும் எழுதுகிறார். இவர் தனி வணிகரா, படைக்குச் சரக்குப் பிடிக்கும் பணியாளரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் கடிதம் காட்டும் உலகம் ஒன்றுதான். முன்பணம், கடன், வண்டிக்கூலி, பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம் என முழுமையான ஒரு சந்தை அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் இயங்கியிருக்கிறது.

மற்ற ஓலைகள் (அவற்றை ஓலை என்று சொல்லத்தான் தோன்றுகிறது) இதையே சிறிய அளவில் காட்டுகின்றன. அட்ரெக்டஸ் என்ற பீர் காய்ச்சுபவர் ஒரு கணக்கில் வருகிறார். வெளியே பணிக்குப் போன மாஸ்குலஸ் என்ற அதிகாரி, "தோழர்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள்" என்று தளபதிக்கு எழுதுகிறார். ஒரு வீட்டுச் சாமான் பட்டியலில் 20 கோழிகளும், நல்லதாகக் கிடைத்தால் 100 ஆப்பிள்களும், நியாயமான விலைக்குக் கிடைத்தால் நூறோ இருநூறோ முட்டைகளும் வாங்கும்படி குறிப்பு இருக்கிறது. 'நியாயமான விலைக்குக் கிடைத்தால்' என்ற அந்த நிபந்தனை, விலை ஏறி இறங்கும் கடைத்தெரு ஒன்று பக்கத்தில் இருந்ததற்குச் சான்று.

இன்னொரு கணக்கில் காம்பாக்ஸ் என்ற சாதாரண வீரன் 2 டெனாரியஸுக்கு மிளகு வாங்கியிருக்கிறான். பிரிட்டனில் மிளகு விளையாது. சேர நாட்டு முசிறி போன்ற துறைமுகங்கள் வழியாகச் செங்கடலுக்கும் எகிப்துக்கும் போய், அங்கிருந்து பேரரசின் வடகோடிக்கு வந்த சரக்கு அது. சங்கப் புலவர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பல்களைப் பாடினார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலின் மறுமுனையில் இப்படி ஒரு சிப்பாயின் பற்றுக்கணக்கு இருந்தது என்பதை அறியும்போது நெஞ்சு நிறைகிறது.

வீடுகளின் வடிவமும் இதே கதையைத்தான் சொல்கிறது. கோட்டை வாசலிலிருந்து கிளம்பும் சாலையின் இருபுறமும், தெருவைப் பார்த்துக் குறுகிய முகப்பும் பின்னால் நீண்டுபோகும் உடலுமாக வீடுகள் அடுத்தடுத்து நெருங்கி நிற்கும். முன்னறையில் கடை அல்லது பட்டறை, பின்னறையில் குடித்தனம். எல்லோருக்கும் தெருமுகப்பு வேண்டியிருந்தது, ஏனெனில் காசு நடமாடியது தெருவில்.

சட்டம் பார்க்க மறுத்த குடும்பங்கள்

சாதாரணப் படைவீரன் பணிக்காலத்தில் சட்டப்படி மணம் செய்ய முடியாது. இந்தத் தடை ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் நீடித்தது. கி.பி. 197இல் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ்தான் வீரர்கள் மனைவியரோடு வாழ அனுமதித்தார்.

இருபது வயதில் சேர்ந்து நாற்பத்தைந்தில் வெளியேறும் ஒருவன் அதுவரை குடும்பமின்றி இருப்பான் என்று அரசே நம்பவில்லை. விண்டோலாண்டாவில் கிடைத்த ஆயிரக்கணக்கான தோல் காலணிகளில் பெண்களுடையவையும் கைக்குழந்தைகளுடையவையும் உண்டு. அவை ஊரில் மட்டும் கிடைக்கவில்லை, கோட்டைக்குள் வீரர்களின் குடியிருப்புப் பகுதியிலும் கிடைத்திருக்கின்றன. குடும்பம் இருந்தது, சட்டம்தான் அதைக் குடும்பம் என்று ஏற்கவில்லை. விளைவுகள் கடுமையானவை:

1. குழந்தை சட்டப்படி தந்தையின் வாரிசு இல்லை. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவர் சேமிப்பில் உரிமை கோர வழியில்லாமல் இருந்தது. கி.பி. 119இல் எகிப்தின் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் ஹேட்ரியன் இந்தக் கடுமையைத் தளர்த்தினார். அத்தகைய குழந்தைகள் மற்ற வாரிசுகள் இல்லாதபோது இரத்த உறவினர் என்ற வகையில் சொத்துக் கோரலாம் என்றார். சுவரைக் கட்டியவரே இந்தச் சலுகையையும் தந்தவர்.

2. துணைப்படை வீரன் 25 ஆண்டு முடித்ததும் ஒரு வெண்கலச் சான்றிதழ் பெறலாம். அதில் அவனுக்குக் குடியுரிமையும், துணைவியோடு சட்டப்படியான மண உரிமையும் எழுதப்பட்டிருக்கும். முன்பே பிறந்த குழந்தைகளுக்கும் குடியுரிமை கிடைக்கும். ஆனால் கி.பி. 140 வாக்கில் அன்டோனைனஸ் பயஸ் ஆட்சியில் இந்தக் கடைசிச் சலுகை நிறுத்தப்பட்டது. பணிக்காலத்தில் பிறந்த மகன் குடியுரிமை பெற, தானும் படையில் சேர்ந்து 25 ஆண்டு உழைக்கும் வழிதான் பெரும்பாலும் மிஞ்சியது.

3. படைப்பிரிவு இடம் மாறினால் குடும்பத்துக்கு அரசிடம் கேட்க எந்தப் பிடிமானமும் இல்லை. படாவியரின் ஒன்பதாம் பிரிவு கி.பி. 105 வாக்கில் விண்டோலாண்டாவை விட்டுப் போனது. 

இந்தத் தடை தளபதிகளைத் தொடவில்லை. மேட்டுக்குடியினரான அவர்கள் மனைவி மக்களோடு கோட்டைக்குள்ளேயே வாழ்ந்தார்கள். படாவியர் தளபதி ஃப்ளேவியஸ் செரியாலிஸின் மனைவி சுல்பீசியா லெபிடினாவுக்கு, வேறொரு கோட்டைத் தளபதியின் மனைவி கிளாடியா செவேரா அனுப்பிய அழைப்பு புகழ்பெற்றது. செப்டம்பர் 11இல் தன் பிறந்தநாளுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்கிறார். கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுத, முடிவில் 'சகோதரி' என்று அழைத்துச் சில அன்பு வரிகளைச் செவேரா தன் கைப்படச் சேர்த்திருக்கிறார். பெண் ஒருவர் லத்தீனில் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அந்த வரிகளின் அழகை ரசிக்கும்போதே, அதே கோட்டையில் சாதாரண வீரனின் துணைவிக்கு மனைவி என்ற பெயர்கூடச் சட்டத்தில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டைன் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்த கல்லறைக் கல் இன்னொரு வகைக் குடும்பத்தைக் காட்டுகிறது. ரெஜினா என்ற பெண் கூடைநாற்காலியில் அமர்ந்திருக்கிறாள், பக்கத்தில் கம்பளிப் பந்துகள், நகைப்பெட்டி. அவள் தென்பிரிட்டனின் கட்டுவெல்லோனி இனத்தவள். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, தன்னை விடுவித்தவனையே மணந்து, 30 வயதில் இறந்தாள். கணவன் பராட்டஸ் சிரியப் பாலைவன நகரமான பல்மைராவைச் சேர்ந்தவன். லத்தீன் வாசகத்துக்குக் கீழே தன் தாய்மொழியிலும் ஒரு வரி வெட்டச் செய்திருக்கிறான்: "பராட்டஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ." அந்தக் கரையில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். துக்கத்தைத் தன் மொழியில் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை.

நியாயம் கேட்கப் போவது யாரிடம்?

தென்பிரிட்டனில் நகராட்சிகளும் உள்ளூர் மன்றங்களும் இருந்தன. எல்லைப்புறத்தில் ஆட்சி என்றால் படைதான். வட்டார நிர்வாகத்துக்குச் செஞ்சூரியன் எனப்படும் படையதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். லுகுவாலியத்தில் (இன்றைய கார்லைல்) அன்னியஸ் ஈக்வெஸ்டர் என்பவர் அப்பொறுப்பில் இருந்ததை ஓலை ஒன்று காட்டுகிறது. புகார் யார் மேலோ அவருடைய கூட்டத்தாரிடமே புகார் கொடுக்க வேண்டிய நிலை.

அதன் வலியை ஒரு வியாபாரியின் மனுவில் கேட்கலாம். அவரைப் பிரம்பால் இரத்தம் வர அடித்திருக்கிறார்கள். கோட்டைத் தளபதியிடம் முறையிடப் போனால் அவர் உடல்நலமின்றி இருக்கிறார். கீழதிகாரிகளிடமும் செஞ்சூரியன்களிடமும் சொல்லிப் பார்த்தும் பயனில்லை. எனவே மேலிடத்துக்கு எழுதுகிறார். 'மாட்சிமை' என்று விளிப்பதால் பேரரசருக்கே எழுதியதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். "கடல் கடந்து வந்தவன், குற்றமற்றவன், என் நேர்மையை விசாரித்துக்கொள்ளலாம். ஏதோ குற்றம் செய்தவனைப் போல என்னை அடித்தது தகாது" என்பது அவர் வாதத்தின் சாரம்.

'கடல் கடந்து வந்தவன்' என்பதை அவர் தனக்குச் சாதகமாகச் சொல்கிறார். உள்ளூர்க்காரனாக இருந்தால் அடி வாங்குவது இயல்பு என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருப்பதாகவே நான் படிக்கிறேன். வேறொரு ஓலையில் உள்ளூர் மக்களை 'பிரிட்டுங்குலி', அதாவது பிரிட்டன் பயல்கள் என்ற இளக்காரத்தோடு ஒருவர் குறிப்பிடுவதும் இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது.

காலம் செல்லச் செல்ல விக்குஸ் மக்கள் கூட்டாகக் குரல் பெற்றார்கள். விண்டோலாண்டா ஊரார் சேர்ந்து நெருப்புத் தெய்வமான வல்கனுக்குப் பலிபீடம் எழுப்பி, 'விண்டோலாண்டா ஊரார்' என்றே கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் காரிடன் கோட்டையருகே வாழ்ந்தவர்களும் அப்படியொரு கல்வெட்டை ரோமானியரின் தலைமைத் தெய்வமான ஜூபிடருக்கு வைத்தார்கள். கூடிப் பேசி, காசு திரட்டி, ஊர்ப்பெயரில் ஒரு காரியம் செய்யும் அமைப்பு அவர்களிடம் இருந்தது என்பது இதில் உறுதியாகிறது. ஆனால் காவலும் தண்டனையும் கோட்டையின் கையிலேயே இருந்தன. மதிலோரத்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டையின் ஊரில் ஒரு வீட்டுத் தளத்துக்கு அடியில் இரண்டு எலும்புக்கூடுகள் மறைத்துப் புதைக்கப்பட்டிருந்தன, ஒன்றின் விலா எலும்புகளிடையே கத்திமுனை சிக்கியிருந்தது. கள்ளக்காசு அச்சும் அதே ஊரில்தான் கிடைத்தது.

உழவர்கள் கொடுத்த விலை

மதிலுக்கு அடியில் பல இடங்களில் ஏர்த் தடங்கள் கிடைத்திருக்கின்றன. உழுத நிலத்தின் மேல்தான் அது எழுந்தது. மதிலின் தெற்கே அகலமான அகழியும் இருபுறமும் மண்கரையும் மதிலின் பெரும்பகுதி நெடுக நிலத்தைக் கீறிக்கொண்டு போயின. மேய்ச்சலுக்கும் உறவுக்கும் எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் அனுமதிக்கப்பட்ட வாசலைத் தேடி நடக்க வேண்டும். மதிலுக்கு வடக்கே, நார்தம்பர்லாந்து கடற்கரைச் சமவெளியில் அகழ்ந்த பல பண்ணைக் குடியிருப்புகள், மதில் கட்டப்பட்ட காலத்தை ஒட்டியே கைவிடப்பட்டதாகத் தெரிகிறது.

வாசலில் என்ன விதி என்பதை ரைன் நதி எல்லையிலிருந்து ஊகிக்கலாம். கி.பி. 70இல் டெங்க்டெரி இனத்தார், ஆற்றைக் கடந்து கொலோன் நகருக்குள் வர ஆயுதமின்றி, காவலோடு, கட்டணமும் செலுத்த வேண்டியிருப்பதாகக் குமுறியதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்கிறார். நட்பு இனமான ஹெர்முந்தூரிக்கு மட்டும் டான்யூப் எல்லையில் காவலின்றி வந்து வணிகம் செய்யும் உரிமை இருந்தது. ஆக, எல்லை எல்லோருக்கும் ஒரே எல்லையாக இருக்கவில்லை. யார் வேண்டியவர் என்பதைப் பொறுத்து வாசல் அகன்றது, சுருங்கியது.

கோட்டை நிற்க, ஊர் கலைந்தது

கி.பி. 270 வாக்கில் மதிலோரத்து விக்குஸ்கள் பெரும்பாலும் காலியாகிவிட்டன. படையோ ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கேயே இருந்தது. எதிரி வந்து எரித்துத் துரத்தியதாக வைத்தால், பக்கத்துக் கோட்டை மட்டும் தொடர்ந்து இயங்கியதை விளக்க முடியாது. ஆய்வாளர்கள் முன்வைக்கும் காரணங்கள் சம்பளத்தையே சுற்றுகின்றன:

1. மூன்றாம் நூற்றாண்டில் நாணயத்தின் வெள்ளி படிப்படியாகக் குறைந்தது. 270 வாக்கில் அது பெயரளவு வெள்ளி கலந்த செம்புக்காசாகிவிட்டது. கையில் காசிருந்தும் வாங்கும் சக்தி இல்லை.

2. அரசு படைக்குத் தர வேண்டியதைத் தானியமும் உடையுமாகத் தரத் தொடங்கியது. பொருளாகவே கிடைத்துவிட்டால் வாசலுக்கு வெளியே போய் வாங்க வேண்டியது குறைகிறது.

3. கோட்டைகளில் ஆள் எண்ணிக்கையும் குறைந்தது. வாடிக்கையாளர் குறைந்த தெருவில் கடை நிற்காது. திருமணத் தடை நீங்கியிருந்ததால் எஞ்சிய குடும்பங்கள் கோட்டைக்குள் குடிபுகவும் தடையில்லை.

இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் ஓயவில்லை. இரண்டாவதே முதன்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. காசின் மதிப்பு விழும்போது ஊர் சுருங்கலாம், ஆனால் காசே வேண்டாம் என்ற ஏற்பாடு வரும்போதுதான் கடைத்தெருவுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

பின்னர் ரோமிலிருந்து வரும் சம்பளமும் நின்றபோது, ஊருக்கு நேர்ந்தது கோட்டைக்கும் நேர்ந்தது. அங்கிருந்தவர்கள் அதற்கு வேறு விதத்தில் ஈடுகொடுத்தார்கள். மதிலோரத்து பேர்டோஸ்வால்ட் கோட்டையில் பழைய தானியக் களஞ்சியங்கள் இருந்த இடத்தில், ரோமானிய ஆட்சி விலகிய காலத்தை ஒட்டிப் பெரிய மரக்கூடங்கள் எழுந்தன. அரசின் களஞ்சியம் நிரம்ப வழியில்லாததால், அங்கே தங்கியவர்கள் சுற்றுவட்டார உழவர்களின் விளைச்சலை நம்பி, அவர்களுக்குக் காவலாகவும் தலைவர்களாகவும் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அகழ்ந்தவர்களின் விளக்கம். அதற்குள் பல தலைமுறைகளாக அந்தப் படையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்தவர்கள். விண்டோலாண்டாவில் சின்னக் காலணி அணிந்து நடந்த அதே வகைக் குழந்தைகளின் வழிவந்தவர்கள்.